சேலம்: தொழில் பல, சந்தை எத்தனை? குச்சிக்கிழங்கு, கொலுசு, தறி பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

#1 ஐந்துரோடு

சேலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே மூச்சில் மாம்பழம், ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, வெண்பட்டு, விசைத்தறி, உருக்காலை, வெள்ளைக்கல் (மேக்னசைட்) என்று அடுக்கிவிட்டு, "ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். துறைமுகம் இல்லாத ஊர், வருவதும் போவதும் ரயிலிலும் லாரியிலும்தான். இத்தனை தொழில் இருப்பது பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்மையிலேயே தாங்குகிறதா, அல்லது எல்லாம் ஒரே நேரத்தில் படுக்கிறதா?

பொதுப்படையான பெருமை வேண்டாம். பொருள் எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் கெடுகிறது, காசு எங்கே மாட்டிக்கொள்கிறது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

#2 தலைவாசல் மேட்டுக்காடு

கிழங்கிலிருந்து ஆரம்பிக்கிறேங்க. எங்க பக்கம் மரவள்ளி என்று யாரும் சொல்வதில்லை, குச்சிக்கிழங்குதான். ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, ராசிபுரம் பக்கமெல்லாம் இதுதான் காசுப்பயிர். 8 முதல் 10 கணு உள்ள கரணையை (நடுவதற்கு வெட்டிய குச்சித் துண்டு) மூன்றடிக்கு மூன்றடி நட்டால் பத்து மாதத்தில் வெட்டு. முள்ளுவாடி, தாய்லாந்து வெள்ளை, குங்கும ரோஸ் எல்லாம் ஓடுது. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலைய ரகங்களும் இருக்கு.

விலை எடைக்கு மட்டும் இல்லை, பாயிண்ட்டுக்கு. பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு. உதாரணத்துக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்றால், 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய், 26 பாயிண்ட் என்றால் 7,800. பத்து டன் லோடில் இரண்டு பாயிண்ட் குறைந்தால் 6,000 ரூபாய் போச்சு. விவசாயிக்கும் ஆலைக்கும் நடக்கிற சண்டையில் பாதி இந்த இரண்டு பாயிண்ட்டில்தான்.

அளவு எடுக்கும் முறை எளிது. 5 கிலோ கிழங்கை வெளியில் நிறுத்து, அதையே தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுப்பார்கள். மாவு அதிகம் உள்ள கிழங்கு அடர்த்தியானது, தண்ணீருக்குள் எடை கூடுதலாகக் காட்டும். அந்த எடையைத்தான் பாயிண்ட்டாகப் படிக்கிறார்கள். தப்பு நடக்கிற இடங்கள்:

மாதிரியை லோடின் மேலாக மட்டும் எடுப்பது. மேல், நடு, அடி மூன்று இடத்திலும், பெருத்தது சிறுத்தது கலந்து எடுக்கச் சொல்லணும்.

காம்புக் கட்டையை வெட்டாமல் நிறுப்பது. கட்டை மிதக்கும், பாயிண்ட் குறையும்.

காலிக் கூடையைத் தண்ணீரில் முக்கி பூஜ்ஜியம் வைக்காமல் தொடங்குவது. இதை நேரில் நின்று பார்க்கணும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

கிழங்கில் ஒட்டிய காற்றுக் குமிழி. கூடையைத் தண்ணீருக்குள் நாலு தடவை ஆட்டினால் போதும். மண் ஒட்டியிருந்தால் விவசாயிக்குப் பாயிண்ட் கூடும், அதனால் ஆலைக்காரர் கழுவச் சொல்வதும் நியாயம்தான்.

இன்னொன்று: வெட்டின கிழங்கு இரண்டு நாளைத் தாண்டினால் உள்ளே நீலம் கலந்த கறுப்புக் கோடு விழும், மாவும் குறையும். லாரி வருவது உறுதியாகாமல் வெட்டு ஆளை இறக்கக் கூடாது.

#3 ஐந்துரோடு

நன்றிங்க. மாவுப்பூச்சி பிரச்சினை இப்போது எப்படி?

#4 தலைவாசல் மேட்டுக்காடு

2020-இல் கேரளாவில் கண்டுபிடித்தார்கள், அடுத்த பருவத்துக்குள் இங்கே வந்துவிட்டது. நுனிக்குருத்து சுருங்கிக் கொத்துக் கொத்தாக நிற்கும், கணு இடைவெளி குறுகிவிடும். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை பெங்களூரு பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விட்டார்கள். குளவி விட்ட வட்டாரத்தில் மருந்து அடித்தால் பூச்சியை விடக் குளவிதான் முதலில் சாகும். கொத்துக் குருத்தைக் கிள்ளி எரிப்பது, பூச்சி இருந்த காட்டிலிருந்து கரணை எடுக்காமல் இருப்பது, இந்த இரண்டும் செலவில்லாத வேலை. தேமல் நோய்க்கும் அதே கதை: செடியில் தேமல் தெரிந்தால் அந்தக் குச்சி விதைக்கு ஆகாது.

#5 திப்பிமேடு

ஆலைக்குள் நடப்பதை நான் சொல்கிறேன். இந்தத் தொழில் இங்கே வந்ததே 1943 வாக்கில். உலகப் போரால் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றபோது, குச்சிக்கிழங்கில் செய்து பார்த்தார்கள். பினாங்கில் இந்த வேலையைப் பார்த்துத் திரும்பியவர்களின் அனுபவம் கைகொடுத்தது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. மூட்டை 90 கிலோ. ஆலைகள் சரக்கை அங்கே கொண்டுபோய் வைத்தால் டெண்டரில் வியாபாரிகள் எடுக்கிறார்கள். கிடங்கும், இருப்பு மேல் முன்பணமும் கிடைக்கும்.

வேலை இப்படிப் போகும்: கழுவு, தோல் உரி, அரை, சல்லடையில் மாவுப்பாலைப் பிரி, தொட்டியில் தெளியவிடு, கட்டியை வெட்டி எடு, உதிர், குருணை கட்டு, சலி, வறு அல்லது ஆவி காட்டு, காயவை, மெருகேற்று, மூட்டை.

இதில் மூன்று இடம் முக்கியம்.

அரைக்கும் உருளை. தகட்டில் நகம் போலத் துளை குத்தி உருளையில் சுற்றியிருப்பார்கள். நகம் மழுங்கினால் கிழங்கு அரைபடாமல் மசியும், மாவு நாரோடு திப்பிக்கு (பால் எடுத்த சக்கை) போய்விடும். வெளியே வரும் ஈரத் திப்பியை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் பால் வெள்ளையாக வழிந்தால் தகடு மாற்ற வேண்டும், கலங்கிய தண்ணீராக வந்தால் சரி. திப்பி மாட்டுத்தீவனத்துக்குப் போகிறது, ஆனால் திப்பி விலைக்கு மாவை விற்க யாருக்கும் கட்டுப்படி ஆகாது.

குருணை கட்டும் இடம். தொட்டியில் ஆறேழு மணி நேரம் படிந்த மாவுக்கட்டியை உதிர்த்து, சாக்குத்துணி கட்டிய ஆட்டும் தொட்டிலில் போடுவார்கள். தொட்டில் முன்னும் பின்னும் ஆட ஆட மாவு தானாக உருண்டு முத்தாகும். ஈரம் கூடினால் கட்டி கட்டியாகச் சேரும், குறைந்தால் உருளாமல் பொடியாகவே நிற்கும். இதற்கு மீட்டர் வைப்பதை விடக் கை சொல்வதுதான் நடைமுறை: உள்ளங்கையில் இறுக்கினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

வறுப்பு. எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்தால் சாதா ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்தால் கண்ணாடி போல நைலான் ஜவ்வரிசி. பிறகு சிமெண்டுக் களத்தில் வெயில். திடீர் மழை வந்து நனைந்தால் புளித்த வாடை வந்துவிடும், அதை எதைக் கொண்டும் எடுக்க முடியாது.

கணக்கு: நாலரை முதல் ஐந்து கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஜவ்வரிசி. பாயிண்ட் குறைந்தால் இன்னும் கிழங்கு பிடிக்கும்.

#6 ஐந்துரோடு

வெளுப்பு ரசாயனம், மக்காச்சோள மாவு கலப்பு என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது ஏன்?

#7 திப்பிமேடு

இதைப் பூசி மெழுகாமல் பேச வேண்டும். வாங்குகிறவர் வெள்ளையாகக் கேட்கிறார். தோலோடு அரைத்தாலும், பழைய கிழங்கை அரைத்தாலும், இரும்புச்சத்து உள்ள ஆழ்துளைத் தண்ணீரைப் பயன்படுத்தினாலும் மாவு பழுப்பாகும். அதை மறைக்கத்தான் அமிலமும் பிளீச்சிங் திரவமும். சரியான வழி செலவுள்ள வழி: முழுத் தோலையும் உரிப்பது, வந்த அன்றே அரைப்பது, தொட்டிக்கு ஓடு பதிப்பது, பாலை இரண்டு முறை தெளிய வைப்பது. இவற்றைச் செய்தால் மருந்தே தேவையில்லை. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரில் விற்கிற மூட்டைக்குள் மருந்து இருந்தால் குறியீடு யாருக்கும் பயன்படாது.

மக்காச்சோளக் கலப்பை அயோடின் விட்டுக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் மாவுச்சத்து, இரண்டும் நீலம்தான் காட்டும். வேகாத மாவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்: குச்சிக்கிழங்கு மாவுத்துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டினது போல இருக்கும். மக்காச்சோளத் துகள் கோணல்மாணலாகப் பல முகம் கொண்டிருக்கும். சாதாரண பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும்.

#8 செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை

கொலுசு. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் என்று ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு பட்டறை. ஒரு கொலுசை ஒருவரே முழுதாகச் செய்வது அபூர்வம். கம்பி இழுப்பது ஒரு இடம், சங்கிலி பின்னுவது ஒரு இடம், முத்தும் சலங்கையும் அச்சில் அடிப்பது ஒரு இடம், அடுக்கிப் பற்றுப்பொடி வைத்து நெருப்பு ஊதி ஒட்டுவது ஒரு இடம், மெருகு ஒரு இடம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி எடுத்தால்தான் கடை வெளிச்சத்தில் நிற்கும்.

புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது டச்சில். டச் என்பது நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவு. வியாபாரி 80 டச் கேட்டால் 80-க்கு உருக்கினால் போதும் என்று நினைப்பார்கள். ஊதும்போது பொடி சேர்கிறது, அதன் டச் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 80 டச்சில் 1,000 கிராம், சொக்க வெள்ளி 800 கிராம். 50 டச் பொடி 60 கிராம் சேர்ந்தால் வெள்ளி இன்னும் 30. மொத்தம் 830, எடை 1,060. டச் 78.3 ஆகிவிடும். வியாபாரி உருக்கிப் பார்த்தால் அந்த வித்தியாசம் உங்கள் கூலியில் கழியும். ஆகவே 82-க்கு உருக்க வேண்டும், அப்போது 850-க்கு 1,060, கிட்டத்தட்ட 80.2. சலங்கை அதிகம் உள்ள மாடலில் பற்று வைக்கும் இடமும் அதிகம், அதற்கு இன்னும் ஏற்ற வேண்டும்.

முதலீட்டுப் பிரச்சினையும் வெள்ளியோடுதான். பத்துக் கிலோ வெள்ளி சுழற்சியில் இருக்கும் பட்டறைக்கு, கிலோ 70,000 ரூபாயாக இருந்தபோது ஏழு லட்சம் போதும். 2024-இல் விலை ஒரு லட்சத்தைத் தொட்டபோது அதே பத்துக் கிலோவுக்குப் பத்து லட்சம். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி மட்டும் அப்படியே நின்றது. வெள்ளியாக வாங்கினால் வெள்ளியாகவே திருப்பிக் கொடுங்கள், ரூபாய்க்கு மாற்றி எழுதாதீர்கள். நோட்டில் கிராம் ஒரு பக்கம், ரூபாய் ஒரு பக்கம் தனித்தனியாக இருக்கட்டும்.

#9 மெருகு

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. மெருகுக்குச் சில இடங்களில் இன்னும் சயனைடு உப்பு பயன்படுகிறது. அது அமிலத்தோடு சேர்ந்தால் விஷவாயு. அமிலத்தில் கழுவிய கொலுசை நன்றாக அலசாமல் சயனைடு கரைத்த தண்ணீருக்குள் போடுவதும், இரண்டு கழிவையும் ஒரே சாக்கடையில் விடுவதும் உயிருக்கு ஆபத்து. வீட்டுக்குள் பட்டறை, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்பதுதான் இங்கே பல இடத்தில் நிலைமை. பாலிஷ் டிரம்மில் இரும்புக்குண்டும் சோப்புத் தண்ணீரும் போட்டு உருட்டுவது பல மாடல்களுக்குப் போதும்.

முத்திரை பற்றி: 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் அடையாள எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது, கட்டாயம் இல்லை. 80 டச்சுக்குக் கீழே முத்திரை கிடையாது. 65, 70 டச்சில் செய்து பழகிய பட்டறைகள் 80-க்காவது ஏறினால்தான் அந்தச் சந்தைக்குள் நுழைய முடியும்.

#10 ஓடும் நாடா

தறிக்கு வருவோம். இளம்பிள்ளையில் சேலை, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், எடப்பாடி என்று விசைத்தறி. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை பக்கம் கைத்தறியும் வெண்பட்டும். வெண்பட்டு வேட்டியின் வெள்ளை சாயம் இல்லை, பசை நீக்கம். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் இயற்கைப் பசை கழன்று ஒரு கிலோ ஏறக்குறைய முக்கால் கிலோ ஆகும். சோடா கூடினால் இழை மொரமொரத்து அறும், குறைந்தால் மஞ்சள் தங்கும். விலை கேட்டுத் திகைப்பவர்களுக்கு இந்தக் கால் கிலோவைச் சொல்ல வேண்டும்.

விசைத்தறியில் பாதிப்பேர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் (நீள நூலும் குறுக்கு நூலும்) வியாபாரி கொடுப்பார், தறியும் இடமும் ஆளும் இவருடையது. கரண்ட் கணக்கு: ஒரு குதிரைத்திறன் மோட்டார் 12 மணி நேரம் ஓடினால் சுமைக்கு ஏற்ப ஆறேழு யூனிட். இரண்டு மாதத்தில் 50 நாள் ஓட்டினால் தறிக்கு 300 முதல் 350 யூனிட். அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுப்பது 1,000 யூனிட், 2023-க்கு முன்பு 750. அதாவது மூன்று தறி வரை கணக்குச் சரியாகும். நாலாவது தறி போடும்போது கூலிக் கணக்கில் மின்கட்டணத்தையும் சேர்த்துப் பேசாதவர்கள் அடுத்த பில்லில்தான் முழிக்கிறார்கள்.

நடு ஓட்டத்தில் கரண்ட் போனால் நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) பாவுக்குள்ளேயே நின்றுவிடும். அவசரத்தில் அப்படியே சுவிட்சைப் போட்டால் பாவு கொத்தாக அறும். கையால் சக்கரத்தைச் சுற்றி நாடாவைப் பெட்டிக்குக் கொண்டுவந்து, துணியை ஒரு பல் தளர்த்திவிட்டு ஓட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் குறுக்குக் கோடு விழுந்து சேலை இரண்டாம் ரகம்.

#11 கஞ்சமலை அடிவாரம்

உருக்காலை, வெள்ளைக்கல் இரண்டும் சுருக்கமாக. உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல், எண்பதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி. கஞ்சமலை இரும்புக்கல்லை நம்பி எழுந்த கனவு அது. ஆனால் அந்தக் கல் தரம் குறைந்தது, ஆலை அதில் ஓடவில்லை. வெளியிலிருந்து வந்த எவர்சில்வர் சுருளைக் குளிர்நிலையில் உருட்டித் தகடாக்கினார்கள். 1995-இல் வெந்நிலை உருட்டு, 2010-இல்தான் உருக்கும் பிரிவு. ஊருக்குச் சம்பளம், குடியிருப்பு, பள்ளி எல்லாம் கொடுத்தது. ஆனால் அதைச் சுற்றிச் சிறு ஆலைகள் வளர்ந்தன என்று சொல்ல மாட்டேன். ஜவ்வரிசியைச் சுற்றி வளர்ந்த அளவு கூட இல்லை. வெள்ளைக்கல் உலைக்குள் பதிக்கும் தீச்செங்கல்லுக்குப் போகிறது. சுரங்கம் ஓடினால்தான் சூளை, சுரங்க அனுமதி நின்றால் சூளையும் நிற்கும்.

#12 லேத் முனை

இந்தத் தொழில்களை இணைப்பது எது என்று யாரும் சொல்லவில்லை. லேத் பட்டறை, மோட்டார் காயில் கட்டும் கடை, பேரிங் கடை, லாரி புக்கிங் ஆபீஸ். கிழங்கு அரைக்கும் உருளையின் அச்சு, தறியின் கிராங்க், கம்பி இழுக்கும் உருட்டு மெஷின், மூன்றும் ஒரே லேத்துக்குத்தான் வருகின்றன. கிழங்கு வரத்து நவம்பர் முதல் மார்ச் வரை உச்சம், அப்போது உருளை வேலை இரவு பகலாக. கிழங்கு ஓய்ந்ததும் தறி வேலை. லேத்துக்காரருக்கு வருடம் முழுவதும் வேலை இருப்பது இதனால்தான், இந்த அளவில் "தாங்கும்" என்பது உண்மை. ஆனால் குருணை ஆட்டுகிறவர் அடுத்த வாரம் கொலுசு ஊத முடியாது. தொழிலாளிக்கு அந்தத் தாங்கல் இல்லை.

#13 லீ பஜார் புக்கிங்

லேத் முனை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். பொருள் பல, சந்தை ஒன்றுதான். ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரா, குஜராத், வடக்கே போகிறது. அங்கே ஆடி ஆவணி விரதமும் நவராத்திரியும்தான் விற்பனை. கொலுசும் வடக்கே தந்தேரஸ் (தீபாவளியை ஒட்டி நகை வாங்கும் நாள்), கல்யாண சீசனுக்குப் போகிறது. அந்தப் பக்கத்து வியாபாரி பாக்கியை இரண்டு மாதம் தள்ளினால் ஜவ்வரிசி கமிஷன் கடையும் வெள்ளிக் கடையும் ஒரே வாரத்தில் கை கடிக்கிறது. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனபோதும், 2020 மார்ச்சில் லாரி நின்றபோதும் சேலத்தில் எது எதைத் தாங்கியது? பெரும்பாலான தொழிலில் வாரக்கூலி, ரொக்கம், எல்லாச் சரக்கும் அதே நெடுஞ்சாலையில்.

ஆகவே ஐந்துரோடு கேட்டதற்கு என் பதில்: கிழங்கு விலையோ வெள்ளி விலையோ தனியாக அடிபட்டால் ஊர் தாங்கும். வடக்குச் சந்தையோ ரொக்கமோ நின்றால் தாங்காது. புதிதாக ஏதாவது சேர்ப்பவர்கள் புதுப் பொருளைத் தேடுவதை விட, உள்ளூரிலும் தெற்கிலும் வாங்குகிறவரைத் தேட வேண்டும். குச்சிக்கிழங்கு மாவை காகிதம், பசை, துணிக்குக் கஞ்சி என்று தொழிற்சாலைக்கு விற்பது விரதக் காலத்தைச் சாராத வழி. தறிக்குப் பாவு கஞ்சி போட நம் மாவே போகலாமே.

#14 ஓடும் நாடா

போகிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கஞ்சிக்கு வேண்டியது ஒரே சீரான பாகுநிலை. ஒரு லோடு கெட்டியாக, அடுத்தது தண்ணீராக இருந்தால் பாவு பிய்ந்துவிடும். அதனால் பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலைகள் பக்குவப்படுத்திய மாவை மூட்டையில் வாங்குகிறார்கள். இங்கே ஒவ்வொரு லோடுக்கும் பாகுநிலை சோதித்துச் சீட்டு ஒட்டிக் கொடுக்கும் ஆலை இருந்தால் அதை வாங்க ஆள் தயார்.

#15 திப்பிமேடு

அது செய்யக்கூடிய வேலைதான், பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரே அளவு மாவு, ஒரே அளவு தண்ணீர், ஒரே சூட்டில் காய்ச்சி, துளையுள்ள குவளையில் ஊற்றி வடிய எத்தனை நொடி என்று எண்ணினால் லோடுக்கு லோடு வித்தியாசம் தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆலைக் கழிவுநீர் புளிப்பு, தோலிலிருந்து வரும் சயனைடும் அதில் உண்டு. அப்படியே ஏரியில் விட்டால் கிணறு போகும். சாயத் தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்த திருமணிமுத்தாற்றைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றுப்புகா தொட்டியில் விட்டால் எரிவாயு கிடைக்கிறது, அதிலேயே ஆலைக்கு எரிபொருளும் மின்சாரமும் எடுக்கிறார்கள். பல தொட்டி பாழாவது ஒரே காரணத்தால்: புளிப்புத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யாமல் நேராக விடுவது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிருக்கு நடுநிலைக்கு அருகில் இருந்தால்தான் உயிர். சீசன் தொடங்கும்போது முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் விடாதீர்கள். சாணக்கரைசல் விட்டு எழுப்பி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை pH தாளை (புளிப்பின் அளவைக் காட்டும் தாள்) முக்கிப் பார்த்து நோட்டில் எழுதி வைத்தாலே பாதித் தொட்டிகள் பிழைக்கும்.

#16 தலைவாசல் மேட்டுக்காடு

அந்தத் தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரைக் காட்டுக்கு விடலாமாங்க? இங்கே இரண்டு பேர் கேட்கிறார்கள்.

#17 திப்பிமேடு

நேராக வேண்டாம். தொட்டிக்குப் பிறகு காற்றூட்டும் குட்டை, அதற்குப் பிறகு தெளியும் குட்டை, அதையும் தாண்டி மண் பரிசோதனையோடு சேர்த்து அந்தத் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு, தென்னைக்கு நல்ல தண்ணீரோடு கலந்து விடலாம். கிணற்றுக்கு மேல் பக்கம் இருக்கும் காட்டுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.